ஒரு குடம் தீர்த்தமும் உச்சிமாகாளியின் இன்ஜினும்

உச்சிமாகாளி என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் உடனே சிரிப்பார்கள். மீதிப் பேர், "எந்த உச்சிமாகாளி, அந்த இன்ஜின்காரனா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான். அவன் பக்கத்திலேயே போய் நின்று, அவன் காதில் விழுகிற மாதிரி சிரித்திருக்கிறேன். ஒருநாளும் அவன் கோபப்பட்டதில்லை. அவனுக்கு அதற்கெல்லாம் நேரம் கிடையாது.

தென்காசியிலிருந்து ஆய்க்குடி போகிற ரோட்டில் நல்லதம்பி முதலாளிக்கு ஒரு அரிசி ஆலை இருக்கிறது. உச்சிமாகாளி அங்கே பாய்லர்காரன். புழுங்கல் அரிசிக்கு நெல்லை அவிக்க வேண்டும், அவிக்க நீராவி வேண்டும், நீராவிக்கு உமியை அள்ளிப் போட்டு எரிக்க வேண்டும். அள்ளிப் போடுகிறவன் அவன். நான் சாரல் சீசனில் குற்றாலத்து ஐந்தருவியில் பழக்கடை போடுவேன், மற்ற மாதங்களில் அதே ஆலையில் மூட்டை தூக்குவேன். அப்படித்தான் பழக்கம்.

ஆள் பார்க்க நெத்திலிக் கருவாடு மாதிரி இருப்பான். பாய்லர் பக்கத்திலேயே நின்று நின்று உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் வற்றிப்போய்விட்டது. "இவன் மெயினருவியில போய் நின்னா தண்ணி இவன் மேல விழாது, பாதியிலேயே ஆவியாப் போயிரும்" என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். வெளியூரிலிருந்து லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர் ஒருத்தர் அதை நம்பி, அவனைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த ஆலையில் கரண்ட் போவது சர்வ சாதாரணம். போனால் நெல் தூக்குகிற எலிவேட்டர் நின்றுவிடும். ஊறின நெல் அப்படியே கிடந்து புளித்து நாறும். முதலாளி முகம் நெல்லைவிட முந்திப் புளித்துவிடும். அதே நேரத்தில் பாய்லரில் மிச்சமான நீராவி உஸ்ஸென்று சும்மா வெளியே போய்க்கொண்டிருக்கும். இரண்டையும் நாங்கள் எல்லோரும்தான் பார்த்தோம். ஆனால் அதைப் பார்த்துவிட்டுத் தூங்க முடியாமல் போனது உச்சிமாகாளிக்கு மட்டும்தான்.

"ஒரு பக்கம் ஆவி வீணாப் போவுது, ஒரு பக்கம் எலிவேட்டர் சும்மா நிக்குது. ரெண்டையும் கோத்துவிட்டா என்ன வேய்?" என்றான்.

"கோத்துவிடு. பெறகு அது ரயிலாட்டம் கெளம்பி செங்கோட்டைக்குப் போயிரும். நாங்க அரிசி பொடைக்க புனலூருக்கு வரணும்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. போனை எடுத்துக் காட்டினான். அதில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, தாடி நெஞ்சு வரைக்கும் தொங்க, ஒரு பழைய நீராவி இன்ஜினை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். பிஸ்டன் முன்னால் போனது, பின்னால் வந்தது.

"பாத்தியா? முன்னால போவுது, நிக்குது. பின்னால வருது, மறுபடியும் நிக்குது. பெறகு அத ஒரு தண்டுல மாட்டி, வளைச்சு நெளிச்சு, சக்கரத்தச் சுத்தவைக்கான். நமக்கு வேண்டியது சுத்துறதுதான? ஆவி நேரா வந்து சக்கரத்தையே தள்ளினா என்ன?"

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பிஸ்டன் என்பது சீசன் கூட்டத்தில் அருவிக்குக் குளிக்கப் போகிறவன் மாதிரி. முண்டியடித்து உள்ளே போவான், ஒரு நிமிடம் நிற்பான், போலீஸ்காரர் விசில் அடித்ததும் வெளியே வருவான், மறுபடியும் உள்ளே முண்டுவான். உச்சிமாகாளி கேட்டது ரங்கராட்டினம். ஏறி உட்கார்ந்தால் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

அன்றைக்கு ஆரம்பித்தது. பழைய பம்ப் ஒன்றின் இரும்புக் கூட்டை எடுத்துக்கொண்டு தென்காசியில் லேத் பட்டறை வைத்திருக்கிற ஞானதுரையிடம் போனான். கூட்டுக்குள்ளே ஒரு உருளை, அதுவும் நடு மையத்தில் இல்லாமல் ஒரு ஓரமாக ஒதுங்கி. உருளையில் பள்ளம் வெட்டி, அதில் பித்தளைத் தகடுகள். உருளை சுற்றும்போது தகடுகள் வெளியே நீண்டு கூட்டை உரசிக்கொண்டே போகும். நீராவி வந்து தகட்டைத் தள்ளும். அவ்வளவுதான் இன்ஜின். சொல்வதற்கு இரண்டு நிமிடம். செய்வதற்கு அவனுக்கு வருஷங்கள் ஆகின. ஞானதுரைக்கு அதற்குள் இரண்டு மகள்களுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது.

ஏனென்றால் ஆவி ஒழுகும். எங்கள் ஊர் சீசன் பஸ்ஸில் வாசலை அடைத்தால் ஜன்னல் வழியாக ஏறுகிற கூட்டம் மாதிரி, தகட்டுக்கும் கூட்டுக்கும் நடுவில் தலைமுடி இடம் கிடைத்தாலும் ஆவி அந்த வழியாகத் தப்பிவிடும். தப்பின ஆவி எதையும் தள்ளாது. சரி என்று தகட்டை இறுக்கி வைத்தால் உரசியே பாதி பலம் போய்விடும், தகடும் தேயும். கூட்டையும் உருளையையும் அவன் எத்தனை தடவை கழற்றிப் பூட்டினான் என்று கேட்டால், அருவியில் விழுந்த சொட்டுகளை எண்ணிவிட்டு வாருங்கள், சொல்கிறேன்.

அவன் வீடு மேலகரத்தில். மனைவி முத்துசெல்வி வீட்டு முன்பக்கத்திலேயே தோசைக்கடை வைத்திருந்தாள். ருசியில் குறை சொல்ல முடியாது, வாய்தான் கொஞ்சம் காரம். இன்ஜின் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தது. அந்தப் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

"அண்ணே, உங்க கூட்டாளிக்குச் சோறு இங்கன வைக்கட்டுமா, அங்கன அவுக ரெண்டாம் தாரத்துகிட்ட வைக்கட்டுமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்பாள் என்னிடம்.

"ரெண்டாம் தாரம் வாயே தொறக்காதாம்லா, அதான் அங்கனயே கெடக்கான்" என்பேன்.

கரண்டி பறந்து வரும். நான் குனிந்துகொள்வேன்.

கடைசியில் ஒரு பங்குனியில் அது ஓடிவிட்டது. கொட்டகையில் இல்லை, ஆலையில், பாய்லர் பக்கத்தில். உச்சிமாகாளி வால்வைத் திறந்ததும் தும்மியது, இருமியது, பிறகு கிறுகிறுவென்று சுற்ற ஆரம்பித்தது. நான் பயந்து போய் நெல் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்தேன். முதலாளி வந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்துவிட்டு,

"ஏ உச்சி, நான் ஜெனரேட்டர் வாங்குறதுக்குப் பேசி வெச்சிருக்கேன். ஆனி மாசம் ஒரு நல்ல நாள் பாத்து, எலிவேட்டரோட மாட்டி எல்லாருக்கும் முன்னால ஓட்டிக் காட்டு. ஓடிச்சுன்னா இதையே இங்கன வெச்சிருவோம். ஓடலன்னா ஜெனரேட்டர்தான். பெறகு இந்த ஆலைக்குள்ள இந்தப் பேச்சு இருக்கப்படாது" என்றார்.

அத்தனை வருஷத்து உழைப்புக்கு அந்த ஒரு நாள்தான் என்று ஆகிப்போனது.

ஆனியில் சாரல் பிடித்துக்கொண்டது. மேற்கே மலை முழுக்க மேகம் மூடி, ஆலை வாசல் வரைக்கும் தூற்றல் காற்றில் பறந்து வந்தது. உச்சிமாகாளி இன்ஜினைச் சுற்றித் தார்ப்பாய் கட்டினான். அதற்கு மேல் தகரம் வைத்தான். அதற்கும் மேல் இன்னொரு தார்ப்பாய்.

"கொழந்தைக்குச் சளி புடிச்சிரும்னு பாக்கியோ?" என்றேன்.

"சிரிக்காத வேய். ஓடும்போது உள்ள உருளை சூட்டுல பருத்து நிக்கும். அந்த நேரம் வெளியில கூடு மேல பச்சத் தண்ணி பட்டுச்சுன்னா, கூடு மட்டும் சட்டுன்னு சுருங்கிரும். சுருங்கினா உருளையக் கப்புன்னு புடிச்சிரும். அவ்வளவுதான், முடிஞ்சிச்சு." ஆலையில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு ஒருதடவை சொன்னான். "ஓடுற நேரம் யாரும் தண்ணி கிண்ணி கொண்டு வந்துராதீய." ஞானதுரைக்கும் சொன்னான். முதலாளி வீட்டுப் பசுமாட்டுக்கும் சொல்லியிருப்பான், அது அன்றைக்குக் கட்டுத்தறியில் இல்லை.

சொல்லாமல் விட்டது முத்துசெல்வியிடம் மட்டும்தான். அவள் ஆலைக்கே வந்ததில்லை. வருவாள் என்று யாருக்குத் தெரியும்?

அந்த நாளும் வந்தது. இன்ஜினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். தேங்காய் உடைத்தார்கள். முதலாளி தலையை ஆட்டினார். உச்சிமாகாளி வால்வைத் திறந்தான். இன்ஜின் சுற்றியது. பெல்ட் இழுத்தது. எலிவேட்டர் வாளி ஒவ்வொன்றாக நெல்லை அள்ளிக்கொண்டு மேலே போனது. எங்களில் ஒருத்தன் விசில் அடித்தான். ஞானதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டு, உமித் தூசி என்றான். முதலாளி என் தோளில் தட்டி, "ஓடுதே பாண்டி!" என்றார். ஓட்டினது நான் என்று நினைத்துவிட்டார் போல. நானும் திருத்தவில்லை.

நன்றாகச் சூடேறி ஓடிக்கொண்டிருந்த நேரம். வாசல் பக்கம் எல்லோரும் வழிவிட்டார்கள். பார்த்தால் முத்துசெல்வி. தலையிலிருந்து கால் வரைக்கும் ஈரம். இடுப்பில் மஞ்சள் பூசின குடம், குடத்து வாயில் வேப்பிலை.

எங்கள் பக்கம் கோயில் கொடைத் திருவிழா என்றால் குற்றாலத்து அருவியிலிருந்து தீர்த்தம் எடுத்து வந்து சாமிக்கு ஊற்றுவார்கள். அவள் யாருக்கும் தெரியாமல் நேர்ந்திருக்கிறாள், இந்த இன்ஜின் எல்லோர் முன்னாலும் ஓடுகிற நாளில் ஒரு குடம் தீர்த்தம் எடுத்து வந்து அதன் தலையில் ஊற்றுகிறேன் என்று. அத்தனை வருஷம் மூதேவி, ரெண்டாம் தாரம் என்று வாய் ஓயாமல் திட்டினவள். மெயினருவியில் தலை நனைத்து, குடத்தை நிரப்பிக்கொண்டு, ஈரச் சேலையோடு ஆலை வரைக்கும் நடந்தே வந்திருக்கிறாள்.

நேரே இன்ஜின் பக்கம் போனாள். தார்ப்பாயை விலக்கினாள். குடத்தைத் தூக்கினாள்.

நான் உச்சிமாகாளி பக்கத்தில்தான் நின்றேன். அவன் கை வால்வில் இருந்தது. முகத்தில் இருந்த கொஞ்சம் ரத்தமும் போய்விட்டது.

"ஏட்டி..." என்றான்.

அவள் தூக்கின குடத்தோடு திரும்பிப் பார்த்தாள். "என்ன? ஊத்தப்படாதா?"

ஆலை மொத்தமும் பார்த்துக்கொண்டு நின்றது. அவள் முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவன் பார்த்து எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ.

"ஊத்து" என்றான்.

ஊற்றினாள். ஆவி குபீரென்று எழும்பி யாரும் தெரியவில்லை. அதற்கு உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது பாருங்கள், பன்றியைப் பிடிக்கிற மாதிரி. பெல்ட் தெறித்து என் மூக்கைச் சீவிக்கொண்டு போனது. ஆவி விலகினபோது எலிவேட்டர் நின்றிருந்தது. வாளியில் இருந்த நெல் மட்டும் பொலபொலவென்று திரும்பக் கொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன உச்சி?" என்றார் முதலாளி.

ஞானதுரை வாயைத் திறந்தான். "தண்ணி பட்டு கூடு..."

உச்சிமாகாளி அவன் காலை ஒரு மிதி மிதித்தான். ஞானதுரை இன்றைக்கும் மழைக்காலத்தில் கொஞ்சம் நொண்டுவான்.

"தகடு தேஞ்சு போச்சு மொதலாளி" என்றான் உச்சிமாகாளி. "ஆவி ஒழுகுது. இந்த மாதிரி இன்ஜினுக்கே உள்ள சீக்கு இது. நான் நெனச்சேன், நிக்காதுன்னு."

"நான் ஊத்துனதால இல்லியே?" என்றாள் முத்துசெல்வி.

"உனக்கென்னட்டி தெரியும்? நீ ஊத்துறதுக்கு முன்னாலயே அது தெணறிக்கிட்டுதான் ஓடிச்சு. பாண்டியக் கேளு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமா, ஆஸ்துமா வந்த மாதிரி ஓடிச்சு" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஆயிரம் பொய்யில் யாரும் சிரிக்காமல் போனது அது ஒன்றுதான்.

மறு வாரம் ஜெனரேட்டர் வந்துவிட்டது. இன்ஜின் தார்ப்பாய் சுற்றி மேலகரத்துக் கொட்டகைக்குத் திரும்பிப் போனது.

அதற்குப் பிறகுதான் உச்சிமாகாளி பேச்சாளர் ஆனான். அதுவரைக்கும் போனில் ஓடுகிற இன்ஜினாகப் பார்த்தவன், இப்போது ஓடாமல் போன இன்ஜின்களாகத் தேடிப் பார்க்க ஆரம்பித்தான். டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், துக்க வீட்டில், எங்கே யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், சுற்றுகிற நீராவி இன்ஜின் உலகத்தில் ஏன் எடுபடவில்லை என்று சொல்லுவான். முத்துசெல்வி காதில் விழுகிற தூரம் என்றால் இன்னும் சத்தமாகச் சொல்லுவான்.

"நீராவி இன்ஜினுன்னா வாட்டுன்னு சொல்லுதோமே, அந்த வாட்டே மொதல்ல சுத்துற சக்கரம் ஒண்ணு செஞ்சு பாத்துட்டு விட்டுட்டாரு. அதுக்குப் பெறகு சீமையில ஒருத்தர் ரெண்டு பேரா? நூத்துக்கணக்குல செஞ்சு பாத்திருக்காவ. ஒருத்தரு பந்து மாதிரி உருண்டையா செஞ்சு, ரயில்ல வெச்சு லைட்டே எரிய விட்டாரு. அதுவும் நெலைக்கல. ஏன் சொல்லு? பிஸ்டன் வட்டம். ஒரு வளையத்த மாட்டிவிட்டா சுத்திவர ஒட்டிக்கிடும். நம்ம தகட்டுக்கு மூலை இருக்குல்லா? மூலைய எவனால அடைக்க முடியும்? இறுக்கினா தேயும், தளத்தினா ஒழுகும். இவங்க தேச்சுக்கிட்டே இருக்கும்போது, பெரிய வேலைக்கு டர்பைன் வந்துட்டு, சின்ன வேலைக்குக் கரண்ட் மோட்டார் வந்துட்டு. நம்மாளுவ நடுவுல தகட்டக் கையில வெச்சுக்கிட்டு நின்னுட்டாவ."

"அவுகளே நின்னுட்டாவ, நீ ஆய்க்குடி ரோட்டுல நின்னா என்ன?" என்று யாராவது சொல்வார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

அத்தனையும் உண்மை. அவன் சொன்ன கதையில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. அவன் இன்ஜின் அன்றைக்கு நின்றதற்கு அது காரணமில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் ஞானதுரை பட்டறையில் மூன்று பேரும் இருந்தோம். ஞானதுரை சொன்னான், "கூடு ஒண்ணும் வெடிக்கல வேய். உருளையில கீறல் விழுந்திருக்கு, அவ்வளவுதான். கொண்டா, கடைஞ்சு தாரேன். திரும்ப ஓடும்."

"ஓடும்" என்றான் உச்சிமாகாளி. "ஓடினா அவ திரும்பக் கொடத்தோட வருவா. வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேப்பா. அதுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

"உள்ளதச் சொல்லித் தொலையேன்லே" என்றேன் நான். "அவ என்ன உன்னக் கடிச்சா தின்னுருவா?"

"அவ அதத் திட்டாமப் பாத்தது அந்த ஒரு நாள்தான் வேய்" என்றான். "அந்த ஒரு நாள்ல அவ கையாலதான் நின்னுச்சுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

ஞானதுரை லேத்தை ஓடவிட்டான், பேச்சு அதோடு போனது.

போன கார்த்திகையில் உச்சிமாகாளி போய்விட்டான். ஆலையில் உமி அள்ளிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்தது. அவனைக் குளிப்பாட்டும்போது எனக்கு அந்தப் பழைய அருவிக் கிண்டல் ஞாபகம் வந்தது.

காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து முத்துசெல்வி கூப்பிட்டு அனுப்பினாள். பழைய இரும்பு எடுக்கிற நயினார் வண்டியோடு வந்திருந்தார். கொட்டகையைக் காலி செய்ய வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும் என்றாள். குழாய், நட்டு போல்ட், உடைந்த வால்வு எல்லாம் வண்டியில் ஏறியது. கடைசியில் தார்ப்பாய் சுற்றின இன்ஜின் மட்டும் நின்றது.

பேசாமல் நின்றால் எனக்கு நாக்கு அரிக்கும். "பாவி, இதுக்குப் போயி உசிர விட்டான். தகடு தேயும்னு சீமைக்காரனே விட்டுட்டானாம்..." என்று அவன் பாட்டையே ஆரம்பித்தேன்.

"போதும் அண்ணே" என்றாள் முத்துசெல்வி. "தண்ணியாலதான்னு எனக்குத் தெரியும்."

பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"தோசக் கல்லு முன்னால நிக்கவளுக்கு இது தெரியாதா? கடை போட்ட புதுசுல காயுற கல்லுல ஒரு செம்பு தண்ணிய ஊத்திட்டு, கல்லு ரெண்டா விட்டுட்டு. அன்னிக்கி கொடத்தத் தூக்கும்போது அது இரும்புன்னே தோணல அண்ணே. சாமின்னு தோணிட்டு. ஊத்தி அந்தச் சத்தத்தக் கேட்டதும் தெரிஞ்சு போச்சு."

"சொல்லியிருக்கலாம்லா?"

"எத்தனையோ தடவ வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா அவுக ஊரெல்லாம் போயி அந்தச் சீமைக்காரன் கதையச் சொல்லுறதக் கேக்கும்போது, எனக்காவத்தான சொல்லுதாவன்னு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். அதக் கெடுக்க மனசு வரல." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அலுத்துப் போயி அவுகளே இன்ஜின விட்டுட்டாவ, நல்லதாப் போச்சுன்னு இருந்துட்டேன்."

"அலுத்துப் போயி விடல தாயி" என்றேன். "திரும்ப ஓட்டினா நீ திரும்பக் கொடத்தோட வருவ, ஊத்தாதன்னு சொன்னா உனக்கு வெவரம் தெரிஞ்சிரும்னுதான் விட்டான்."

இது அவளுக்குத் தெரியாது. தண்ணீர் விஷயம் தெரியும் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் அடுத்த நாளே இன்ஜினைத் தோளில் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடியிருப்பான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நயினார் வண்டிக்காரரிடம் ஏதோ சொல்கிற மாதிரி வெளியே போய்விட்டார்.

பிறகு அவளே தார்ப்பாயை அவிழ்த்தாள். நின்றதற்குப் பிறகு பட்டறைக்கே போகாத இன்ஜின். கூடு உருளையைக் கவ்விப் பிடித்து நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், நாலு பேர் சேர்ந்து கம்பி போட்டு நெம்பியும் அன்றைக்கு அசையவில்லை. அவள் வெளியே நீட்டிக்கொண்டிருந்த சக்கரத்தில் ஒரு விரலை வைத்துத் தள்ளினாள்.

சுற்றியது. சத்தமே இல்லாமல், எண்ணெய் மாதிரி.

பக்கத்துப் பலகையில் தேய்ந்துபோன உப்புத்தாள் துண்டுகள் கிடந்தன. உட்கார்ந்து உட்கார்ந்து கையாலேயே தேய்த்துச் சரி பண்ணியிருக்கிறான். யாரிடமும் சொல்லாமல், ஒருதடவைகூட ஆவி விட்டுப் பார்க்காமல்.

ஓட்டியிருந்தாலும் கொஞ்ச மாதத்தில் தகடு தேய்ந்து நின்றிருக்கும் என்று ஞானதுரை இப்போதும் சொல்கிறான். சீமைக்காரர்களுக்கு நடந்ததுதான் இவனுக்கும் நடந்திருக்கும் என்கிறான். நடந்திருக்கலாம். அவர்களெல்லாம் ஓட்டிப் பார்த்துத் தோற்றார்கள். இவனுக்குத் தோற்றுப் பார்க்கிற பாக்கியம்கூடக் கிடைக்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

நயினார் வண்டி மற்ற இரும்போடு போய்விட்டது. இன்ஜின் போகவில்லை. மேலகரத்தில் முத்துசெல்வி தோசைக்கடைக்குப் போனால் வாசல் ஓரத்து மேடையில் இருக்கும். தோசை வருகிற வரைக்கும் யார் வேண்டுமானாலும் சுற்றிப் பார்க்கலாம், அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். தெரியாமல் தண்ணீர் தம்ளரை மட்டும் அதன் மேல் வைத்துவிடாதீர்கள். போன வாரம் நான் மறந்து போய் வைத்துவிட்டேன்.

"அண்ணே, அது மேல தண்ணிய வைக்காதீயன்னு எத்தன தடவ சொல்லுறது!" என்று கரண்டியோடு வந்தாள்.

நான் குனியவில்லை. தம்ளரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.